ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த லைசென்ஸ் கீ

கடைத்தெருவில் பெரிய ஸ்டூடியோ, சின்ன ஸ்டூடியோ என்று இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே அளவு. ஒரே அறையாக இருந்ததை நடுவில் ப்ளைவுட் அடித்துப் பிரித்து, ஒரு பாதியை அண்ணனும் மறுபாதியைத் தம்பியும் நடத்தினார்கள். அண்ணன் நடத்தியதால் அவருடைய பாதி பெரியது.

பிரிந்ததற்குக் காரணம் ஒரு மச்சம். கல்லூரி ஆசிரியை ஒருவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார். எடுத்தது அண்ணன். கம்ப்யூட்டரில் சரிசெய்தது தம்பி. கன்னத்து மச்சம் கண்ணை உறுத்துகிறதென்று அவன் அதை நீக்கிவிட்டான். விண்ணப்பத்தில் அடையாளம் என்று அந்த அம்மா எழுதியிருந்ததே அந்த மச்சத்தைத்தான். படம் திரும்பி வந்தது, அந்த அம்மாவும் வந்தார். அவர் எதிரிலேயே அண்ணன், "இவனுக்குத் தொழிலே தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டார். தம்பி மறுநாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரம் பங்கு கேட்டான்.

தாய்மாமன் வந்து பங்கு பிரித்தார். கம்ப்யூட்டர் அண்ணனுக்கு, மர அலமாரி தம்பிக்கு என்று முடிவானது. கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டி அலமாரிக்குள் இருந்ததை மாமா யோசிக்கவில்லை. அந்தச் சமயத்தில் யாருமே யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மனைவிமார் மட்டும் கொல்லைக் கதவு வழியாகத் தினமும் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சண்டையில் கலந்துகொள்ளவில்லை, நேரமில்லை என்றார்கள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு ஒருநாள் அண்ணனின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது. மெக்கானிக் வந்து புதிய டிஸ்க் பொருத்தி, பழைய சாஃப்ட்வேரையே மறுபடி ஏற்றிக் கொடுத்தார். திரையின் வலது மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லி ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

"லைசென்ஸ் கீ போடணும் அண்ணே. கேபினெட் பக்கவாட்டுல ஸ்டிக்கர் இருக்குமே."

ஸ்டிக்கர் இருந்தது. எழுத்துதான் இல்லை. அண்ணனுக்கு எதையும் துடைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம். தினமும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, அதை வெள்ளைக் காகிதமாக்கி வைத்திருந்தார்.

மெக்கானிக் வழி சொன்னார். "நெட்டுல ஓசிக் கீ கிடைக்கும். போட்டுவிடவா? ஊரே அப்படித்தான் ஓட்டுது."

"வேணாம். முழு விலை கொடுத்து வாங்கின பொருள். சொந்த வீட்டுக்குள்ள நான் ஏன் சுவரேறிக் குதிக்கணும்?"

"அப்ப கொஞ்ச நாள் பொறுக்கும். அப்புறம் உள்ளேயே விடாது."

அண்ணன் அந்த வரியோடு வாழப் பழகினார். கண்ணுக்குத் தெரியாமலிருக்க மூலையில் ஒரு காகிதத்தை ஒட்டினார். ஆனால் அடுத்தடுத்து எச்சரிக்கைகள் வந்தன. கடைசியில் ஒரு காலை, கீயைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று திரை நின்றுவிட்டது. வேலைக்குச் சேரப்போகும் இரண்டு பேர் படத்துக்காக ஸ்டூலில் காத்திருந்தார்கள். அவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்ப மனம் வராமல், மதியம் வரச் சொன்னார்.

கீ அச்சிட்ட அட்டை பெட்டிக்குள் இருந்தது, பெட்டி அலமாரியில், அலமாரி தம்பியிடம். விஷயம் கொல்லைக் கதவு வழியாகப் போய், பதில் அதே வழியில் வந்தது.

"அட்டையைத் தரமாட்டாராம்" என்றாள் மனைவி. "பங்கு பிரிச்சது பிரிச்சதுதானாம். வேணும்னா படிக்கிறாராம், எழுதிக்கச் சொன்னாரு."

"யாரு எழுதிக்கணுமாம்?"

"நீங்கதான். எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

அண்ணன் பேனாவோடு ப்ளைவுட்டில் இடது காதை ஒட்டவைத்து நின்றார். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"எக்ஸ்" என்றான் தம்பி.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

"ம்" என்றார் அண்ணன்.

"எஃப். ஃப்ளாஷுக்கு வர்ற எஃப்."

"ம்."

"டி. ட்ரைபாட் டி."

நன்றாகவே போனது. மூன்றாவது வரியில் தம்பி சற்று நிறுத்தி, "எம். மச்சத்துக்கு வர்ற எம்" என்றான். அண்ணன் எழுதினார். பேனா மட்டும் கொஞ்சம் அழுத்திவிட்டது.

எல்லாவற்றையும் தட்டியபின் திரை, இந்தக் கீ செல்லாது என்றது. இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் செல்லாது.

"தப்பாப் படிச்சிருக்கே!"

"தப்பாத் தட்டியிருப்பே!"

"வேணும்னே ஒரு எழுத்தை மாத்திட்டியா?"

"மாத்தறதுக்கு நான் என்ன தொழில் தெரியாதவனா?"

அதன்பின் ப்ளைவுட் அதிர்ந்தது. தேங்கிக் கிடந்ததெல்லாம் இரண்டு பக்கமும் கொட்டியது. சின்ன ஸ்டூடியோவில் படத்துக்கு உட்கார்ந்திருந்த ஆள், அசையாமல் இருக்கச் சொன்னதால் அசையாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளியாள் முன்னாடி என் மானத்தை வாங்கினியே!"

"வாங்கினேன்! அப்புறம் அந்தம்மாவோட பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் நாள் முழுக்க வரிசையில நின்னது யாரு? தப்பு ஸ்டூடியோ மேல, அவங்க மேல இல்லைன்னு கெஞ்சிச் சொன்னது யாரு?"

அந்தப் பக்கம் குரல் இறங்கியது.

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றான் தம்பி.

"நீதான் பங்கு கேட்டுட்டிருந்தியே. எந்த நேரத்துல சொல்ல?"

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. தம்பி தெருவழியாகச் சுற்றிக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரி செருப்பை மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தான். கையில் அட்டை இருந்தது. அண்ணன் எழுதிய தாளையும் அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தான்.

"இதென்ன, பேப்பர் பி போட்டிருக்கே?"

"நீதானே பேப்பர்னு சொன்னே."

"பேட்டரின்னு சொன்னேன் அண்ணே. பேட்டரி பி."

தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை தெரியாது. தம்பி குனிந்து ஒரு விரலால் திருத்தினான். சக்கரம் சற்றே சுற்றியது. ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று திரை சொன்னது. யாரும் கைதட்டவில்லை.

தம்பி அண்ணனின் இடது பக்கமாக நகர்ந்து நின்று, தணிந்த குரலில் கேட்டான். "எப்பலேருந்து காது கேக்கலை?"

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வலது பக்கம் வந்து மறுபடி கேட்டான்.

"எவன் சொன்னது கேக்கலைன்னு?" என்றார் அண்ணன்.

"ரெண்டாவது தடவை இந்தப் பக்கம் வந்து கேட்டதாலதான் பதில் சொல்றே."

அந்த வாரமே தம்பி அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். "இடது காது பாதிக்கு மேல போயிருக்கு" என்றார் டாக்டர். "வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"சொன்னதைக் கேக்கமாட்டார்னு மட்டும்தான் டாக்டர் கவனிச்சோம்" என்றான் தம்பி.

ப்ளைவுட்டை எடுத்துவிடலாமா என்று பேச்சு எழுந்தது. இரண்டு பக்கமும் அதில் தட்டு அடித்துச் சாமான் அடுக்கியாகிவிட்டது, எடுத்தால் வைக்க இடமில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காதுக் கருவி மாட்டிய முதல் நாள் அண்ணனுக்கு உலகம் பெரும் இரைச்சலாக இருந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது, தன் செருப்பே பேசியது. நடுப்பகலில், ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தோடு தம்பி பேசுவது தெளிவாகக் கேட்டது.

"குரூப் போட்டோன்னா எங்கண்ணன்கிட்ட போங்க. நான் எடுத்தா மூணு பேருக்குக் கண்ணு மூடியிருக்கும். அவர் எடுத்தா ஒருத்தருக்குத்தான்."

குடும்பம் வந்தது. அண்ணன் எடுத்துக் கொடுத்தார். தம்பி சொன்னது பாராட்டா, குத்தலா என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. மாலையில் மனைவியிடம் கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றாள் அவள். "உங்களுக்கு இப்பத்தானே காது கேக்குது. போகப்போகப் பழகிரும்."