ரவூப்புக்கு முப்பத்தெட்டுப் பேர்

சரியாகக் காலை 9.10க்கு எங்கள் பயணம் கோணலானது. எனக்கு அது தெரிய வந்தது 10.05க்கு. நடுவில் இருந்த ஐம்பத்தைந்து நிமிடமும் பஸ்ஸின் முன்சீட்டில் அமர்ந்து மலைகளை ரசித்துக்கொண்டு வந்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினோம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர், சாந்தி டீச்சர், துணைக்கு நான். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டரில், பகாங் மாநிலத்தில் இருக்கிறது ரவூப். ஒரு காலத்தில் தங்கத்துக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குவிந்த ஊர். என் மகள் யாழினி தோழிகளோடு பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

வழியில் பெந்தோங்கில் தேநீருக்கு நிறுத்தினார்கள். தே தாரிக் 2 ரிங்கிட் 50 காசு. இனி வளைவுகள் அதிகம் என்று பயந்து யாழினிக்கு வாந்தி மாத்திரை ஒன்று கொடுத்தேன். சாப்பிட்டால் தூக்கத்தில் கண் சொக்கும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. பக்கத்தில் இன்னொரு தமிழ்ப்பள்ளி பஸ், கிள்ளானிலிருந்து கேமரன் மலைக்குப் போவது. அந்தப் பிள்ளைகளுக்கும் மஞ்சள் டி-சட்டைதான். எல்லோரும் தலைதெறிக்க ஓடி ஏறினார்கள். சாந்தி டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார்.

“முப்பத்தெட்டு. போலாம் அண்ணே!”

ரவூப்பில் மழை இல்லை. பழைய ஈரடுக்குக் கடை வரிசை, சாலையோரம் டுரியான் பழ வாசனை. பிள்ளைகள் இறங்கி வரிசையில் நின்றபோது ஒரு சிறுமி என் துப்பட்டாவை இழுத்தாள்.

“ஆன்டி, ஸ்ட்ராபெரி தோட்டம் எங்க?”

அவள் சட்டையின் முதுகில் கிள்ளான் பள்ளியின் பெயர். அவள் பெயர் தர்ஷினியாம். மழையில் பஸ் மாறி ஏறிவிட்டு, திட்டு விழும் என்று வாயே திறக்கவில்லை. நான் பஸ்ஸுக்குள் ஓடினேன். பின்சீட்டில் யாழினி இல்லை.

“உங்ககூட முன்னாடி இருக்கான்னு நெனச்சோம் ஆன்டி” என்றார்கள் தோழிகள்.

எங்கள் ஓட்டுநர் மோகன் அண்ணன் அந்த பஸ்ஸின் ஓட்டுநருக்குக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார். “அந்த பஸ்ஸு இந்நேரம் ரவூப்பைத் தாண்டி சுங்கை கோயான் போற காட்டு ரோட்டுல இருக்கும் லா. லைன் கெடைக்காது. பயப்படாதீங்க, பஸ்ஸுலதானே இருக்கு பிள்ளை.”

பஸ்ஸில்தான் இருக்கிறாள் என்று யார் பார்த்தது? பெந்தோங் மழையில் நின்றுகொண்டிருந்தால்?

அகன்ற மரத்தட்டில் ஆற்று மண்ணைச் சுழற்றி, ஒரு சீன அங்கிள் பிள்ளைகளுக்குத் தங்கம் அலசிக் காட்டினார். டூலாங் என்பது அந்தத் தட்டின் பெயர். தட்டின் அடியில் ஊசிமுனை அளவு மின்னியது. முப்பத்தேழு பேரும் கூச்சலிட்டார்கள். நான் தர்ஷினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆன்டி, கை வலிக்குது” என்றாள்.

10.50க்கு லைன் கிடைத்தது. அந்தப் பக்கத்து ஆசிரியை தேடிவிட்டு வந்து சொன்னார்: “கடைசி சீட்டுல ஒரு பிள்ளை நல்லா தூங்குது டீச்சர். நாங்களும் எண்ணினோமே, சரியா இருந்துச்சே!”

அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகுதான் பசித்தது. தர்ஷினியும் நானும் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட டுரியான் செண்டோல் சாப்பிட்டோம், கிண்ணம் 7 ரிங்கிட். மிச்சம் வைக்கவில்லை.

11.40க்கு ஒரு வெள்ளை கார் வந்து நின்றது. பின்கதவு திறந்து யாழினி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள். கட்டிக்கொண்டேன். ஓட்டி வந்தவர் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டார். அவளுடைய அப்பா.

“கிள்ளான்லேர்ந்து பஸ்ஸு பின்னாடியேதான் வந்தேன் அக்கா, மொத தடவ தனியா போறாளேன்னு. அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு பெந்தோங்ல காரை விட்டு எறங்கவே இல்ல. பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவுல ஒரு லோரியகூட விடல.” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “கடைசியில பாத்தா, அங்கேர்ந்து உங்க பொண்ணுக்குத்தான் காவல் இருந்திருக்கேன்.”