பட்டாளத்துக்குப் போன ஏச்சுக் கடிதாசிகள்

அந்தப் பேப்பர் வெங்காயத் தோல் மாதிரி இருக்கும்... நிப்பைக் கொஞ்சம் அழுத்தினா கிழிஞ்சுடும். யுத்த காலம், பேப்பருக்கே பஞ்சம்.

நாப்பதுகள்ல மாட்டுங்காவுல இருந்தோம். எனக்குப் பதினாறு வயசு. மெட்ரிக் முடிச்சுட்டு ஆத்துல இருந்தேன். மூணாவது மாடி மாமி ஒரு லிஸ்டோட வந்தா. பட்டாளத்துல இருக்கற தமிழ்க்காரப் பசங்க பேர். ஊர்லேர்ந்து லெட்டரே வராதவா. ஆளுக்கு ஒருத்தருக்கு ஆத்துலேர்ந்தே எழுதுங்கோன்னா.

அப்பாவுக்குப் பிடிக்கல. "வயசுப் பொண்ணு, முகந்தெரியாத ஆம்பளைக்கு லெட்டரா? அதுவும் வெள்ளைக்காரன் சண்டைக்கு?"

"சண்டைக்கு யார் எழுதறா? யாரோ பெத்த பிள்ளைக்கு எழுதறேன். நான் சொல்றேன், இவ எழுதட்டும்"னா அம்மா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்களுக்குக் கிடைச்சது செல்லையான்னு ஒரு பையன். எங்க இருக்கான்னு தெரியாது. நம்பர்தான் அட்ரஸ். அம்மா ரேஷன் அரிசியில கல், டிராம்ல கூட்டம், இப்படியே சொல்லிண்டு போவா. நான் எழுதுவேன். ரெண்டு மாசம் கழிச்சு பதில் வரும், நடுவுல சென்சார்காரன் மை பூசி.

மூணாவது பதில்ல எழுதியிருந்தான்... "எங்க அம்மா இசக்கியம்மா உங்க பக்கத்துலதான், தாராவியில் தோல் கிடங்கில் வேலை. சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன். ஏழு கடிதாசி போட்டும் பதில் இல்லை. உயிரோட இருக்காங்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே ஓயாத மழை. கால் ஈரமாகவே இருக்கிறது."

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கிண்டிருக்கறச்சே, அம்மா என்னை இழுத்துண்டு கிளம்பிட்டா. லேபர் கேம்ப் தாண்டி, விசாரிச்சு விசாரிச்சுப் போய்ச் சேர்ந்தோம். வாசல்ல துணி அலசிண்டிருந்தா இசக்கியம்மா. மெலிஞ்ச உடம்பு, கணீர்னு குரல்.

"செல்லையாவா? எனக்கு அப்பிடி ஒரு மவன் கெடையாது. போங்க."

அம்மா போகல. அங்கேயே படியில உட்கார்ந்து, "குடிக்கக் கொஞ்சம் ஜலம் தரயா?"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வெளியில பச்சைத் தண்ணி பல்லுல படாத அம்மா! இசக்கியம்மாவும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னா. அப்புறம் செம்புல கொண்டு வந்தா. அம்மா குடிச்சு முடிச்சதும் செம்பை வாங்கிண்டு உள்ளே போயிட்டா. அம்மா எங்கிட்ட, "லெட்டரை வாசிடி"ன்னா.

'கால் ஈரமாகவே'ன்னு நான் படிச்சதும் இசக்கியம்மா உள்ளேர்ந்து வந்துட்டா. "ஈரத்துல நின்னா அவனுக்கு வெரலிடுக்கெல்லாம் வெடிச்சிருமே..."

போய் அரிசி டப்பாவைக் கொண்டு வந்தா. அதுக்குள்ள அந்த ஏழு லெட்டரும் பிரிக்காம இருந்தது. "யாராவது வாசிச்சு, அதுல என்னமும் கெட்ட சேதி இருந்திட்டா... அதான் தாயி."

ஏழையும் வாசிச்சேன். இசக்கியம்மா கண்ணைத் தொடச்சுண்டு, "இப்போ நான் சொல்லுதத எழுது"ன்னா.

"ஏல செல்லையா, கூறுகெட்ட மூதி! பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம போனியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா? படுக்கும்போது காலத் தொடச்சிட்டுப் படுல..."

நான் தயங்கினேன். "ஒரு எழுத்து விடாம எழுதுடி"ன்னா அம்மா.

பதில் வந்தது பாருங்கோ! ஏச்சுக் கடிதாசியைக் கூடாரத்துல எல்லாரும் நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். கூட இருக்கற மூணு பேர், எங்களுக்கும் ரெண்டு வார்த்தை ஏசி எழுதச் சொல்லுங்கன்னு கெஞ்சறாளாம்.

"அவங்க என்ன தப்பு செஞ்சாவ?"ன்னு கேட்டா இசக்கியம்மா.

"தெரியலையே..."

"பயலுவதானே, என்னமாவது செஞ்சிருப்பானுவ. எழுது!"

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா இசக்கியம்மா எங்காத்துக்கு வந்துடுவா. மொதல்ல கீழேயே நின்னா, அம்மாதான் கையைப் பிடிச்சு மாடிக்கு அழைச்சுண்டு வந்தா. முணுமுணுத்துண்டிருந்த அப்பாகூட பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுண்டு, ஏச்சைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

ஒரு தடவை, அந்த மூணு பேர்ல மாடசாமின்னு ஒருத்தனுக்குப் போட்ட லெட்டர் திரும்பி வந்தது. கவர் மேல சிவப்பு மையில, ஆள் உயிரோட இல்லைன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தது. நான் சொல்லவே வேண்டியிருக்கல.

இசக்கியம்மா அதை மடியில வச்சுத் தடவிண்டிருந்தா. அப்புறம், "கடைசியா அவனை ஏசித்தானே எழுதுனேன்..."ன்னா.

அம்மா சொன்னா, "ஆசையா கேட்டு வாங்கிண்டான் இசக்கி. அம்மா இல்லாத பிள்ளையோ என்னவோ."

யுத்தம் முடிஞ்சு அடுத்த வருஷம் செல்லையா வந்தான். போரிபந்தர் ஸ்டேஷனுக்கு நாங்களும் போனோம். வழியெல்லாம் இசக்கியம்மா அவனை எப்படி ஏசறதுன்னு சொல்லிண்டே வந்தா. ரயில்லேர்ந்து லேசா நொண்டிண்டு இறங்கினான்.

"ஏசும்மா... ஏன் பேசாம நிக்க?"ன்னான்.

முந்தானையால அவன் முகத்தைத் தொடச்சா. சின்னக் குழந்தைக்குத் தொடைக்கற மாதிரி, காது மடல் வரைக்கும்...

இப்போ எனக்குத் தொண்ணூறு தாண்டியாச்சு. சான்பாடாவுல பிள்ளையோட இருக்கேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் பண்றா. பேரன் கப்பல்ல வேலை. தினம் வீடியோ கால் பண்றான். முடி வெட்டிண்டிருக்கான், இளைச்சிருக்கான், எல்லாம் தெரியறது. அந்தக் காலத்து அம்மாக்களுக்கு இது கிடைச்சிருந்தா என்னவெல்லாம் கொடுத்திருப்பா!

ஆனா போன் கட் ஆனா கையில ஒண்ணும் இருக்கறதில்ல.

போன வாரம் கேட்டேன், "ஒரே ஒரு லெட்டர் எழுதிப் போடேன்டா."

"தமிழ் எழுத வராதே பாட்டி. இங்கிலீஷ்ல ஓகேவா?"

"எதுலயாவது எழுதுடா கண்ணா."

கொஞ்சம் யோசிச்சுட்டு, "நம்ம பின்கோட் என்ன?"ன்னு கேட்டான்.

சொல்லியிருக்கேன்... பார்ப்போம்.