குடத்துத் தண்ணீரில் எழுந்த கோடு

மகளின் ரத்தத்தில் காரீயம் இருக்கக்கூடிய அளவைத் தாண்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், எங்கள் வீட்டு போர்வெல்லைத்தான் சந்தேகப்பட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை. பொங்கலுக்குப் பிறகு வயிற்றுவலியும் சோர்வும் அவளை விடவில்லை.

என் மனைவியோடு படித்த தோழி ஒருவர் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். தண்ணீரில் கலந்த உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மலிவான கருவி ஒன்றைச் செய்துவருகிறார் என்று கேள்விப்பட்டு அழைத்தோம். பொன்னமராவதியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது போன்ற ஒரு பட்டை, அவருடைய போன். இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

கரண்ட் இல்லாததால் மோட்டார் போட முடியவில்லை. குடத்திலிருந்து டம்ளரில் மொண்டு கொடுத்தேன். எல்லாம் அதே தண்ணீர்தானே. அவர் ஏதோ அமிலம் ஒரு சொட்டு விட்டு, பட்டையை முக்கினார்.

"தண்ணியில உள்ள உலோகமெல்லாம் மொதல்ல இந்தப் பட்டையில ஏறிக்கிரும். அப்பறம் பஸ்ஸுல வர்ற ஆளுக மாதிரி அதது அதோட ஸ்டாப்புல எறங்கும். எறங்குறப்ப கோடு எந்திரிக்கும், பாருங்க."

போன் திரையில் தட்டையாக ஊர்ந்து வந்த கோடு ஓரிடத்தில் குன்றாக எழுந்தது. அதுதான் காரீயம் இறங்கும் இடம் என்றார். டம்ளரின் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் அது. என் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமல் என் பிள்ளைக்குள் போனதை, அந்தச் சிறு பட்டை பெயர் சொல்லிப் பிடித்திருந்தது.

போர்வெல்லை மூடிவிடலாம் என்றேன். குழாயில் நேராகப் பிடித்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவர் கரண்டுக்காகக் காத்திருந்தார். கரண்ட் வந்தது. குழாய்த் தண்ணீரில் கோடு எழவே இல்லை.

"கொடம் எப்ப வாங்குனீங்க?"

பொங்கலுக்கு. பிளாஸ்டிக் ஆகாது என்று எதையோ படித்துப் பயந்து, பழைய பித்தளைக் குடம் வாங்கி, உள்ளே புதிதாகப் பூச்சு போட்டு வந்தவன் நான்தான். பூசும் வெள்ளீயத்தில் சிலர் காரீயம் கலந்துவிடுவது உண்டாம். என் மனைவி குடத்தைத் தூக்கிப்போய்க் கொல்லையில் கவிழ்த்தாள். காரீயம் உள்ளே போவது நின்றால் பிள்ளை தேறிவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகள் தாகம் என்றாள். எவர்சில்வர் டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். கொடுக்கக் கை வரவில்லை. அவரிடம் நீட்டினேன்.

"இதையும் ஒரு தடவ பாத்துருங்கம்மா."

அவர் சிரிக்கவில்லை. அதிலும் அமிலம் ஒரு சொட்டு விட்டு, புதுப் பட்டை ஒன்றைப் பிரித்தார். மகள் என் தோளில் சாய்ந்து, தட்டையாகவே போய் முடிந்த கோட்டைப் பார்த்தாள். பிறகு வேறொரு டம்ளரில் பிடித்துக் கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்தாள்.