பரிசீலனையில் உள்ளது

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பூந்தமல்லியில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள்தான் முன்பதிவுச் செயலி செய்து கொடுத்திருந்தோம். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட, பராமரிப்பு என் தலையில் விழுந்தது.

மையத்தின் தலைமை நர்ஸ் ஒருநாள் போன் செய்தார். "மெஷின் காலியா கீது சார், ஆளுங்க வரமாட்டேங்கிறாங்க. இன்னான்னு நேர்ல வந்து பாருங்க."

சர்வர் தான் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாகைத் திறந்தேன். ஒரு பிழைகூட இல்லை. போன பதில் அத்தனையும் 200, அதாவது எல்லாம் சரி. அவ்வளவு சுத்தமான லாகை நான் நம்புவதில்லை. ஓடுகிற சர்வர் எங்காவது இடறத்தான் செய்யும்.

மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த சாலையில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். மையத்தின் கூடத்தில் தலைமை நர்ஸோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். பெஞ்சில் அவருடைய கணவர், முகம் வீங்கி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ரெண்டு வாட்டியா கூட்டிக்கினு வரல?" என்றார் நர்ஸ்.

"போன்ல பதிஞ்சேனே சிஸ்டர். பரிசீலனையில கீதுன்னு வந்துச்சு. நீங்க கூப்புடுவீங்கன்னு காத்துக்கினு இருந்தோம்."

"திரும்பப் போட்டுப் பாத்திருக்கலாமேம்மா?" என்று கேட்டேன்.

"இன்னொருவாட்டி போட்டா மொத மனு ரத்தாயிடும் தம்பி. பட்டாவுக்கு அலைஞ்சப்ப அப்டித்தான் ஆச்சு."

அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று இருந்தது. அங்கே யாரும் எதையும் பரிசீலிக்கவில்லை. அதற்குள் நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார். இங்கே தாங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார். அந்தப் பெண்ணிடம் என் நம்பரைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். வெளியிலிருந்து வரும் கோரிக்கைக்கும் உள்ளே வேலை செய்யும் நிரலுக்கும் நடுவில் மிடில்வேர் என்று ஒன்று இருக்கும். உள்ளே எங்கே பிழை கிளம்பினாலும் அதன் கையில் வந்து விழும். வெளியே என்ன சொல்வதென்று அதுதான் முடிவு செய்யும். எங்களுடையது எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது. நிரப்பியவர் தவறா, 400. கேட்டது கிடைக்கவில்லையா, 404. சர்வரே விழுந்துவிட்டதா, 500. எல்லாம் பரிசீலனை. எண்ணையும் 200 ஆக்கி, லாகிலும் எழுதாமல் விழுங்கியிருந்தது.

அந்தப் பெண் நிரப்பியதையே நானும் போட்டுப் பார்த்தேன். உள்ளே கிளம்பியது 400. கணவரின் இனிஷியலைத் தமிழில் போட்டிருந்தார். அந்தக் கட்டம் ஆங்கில எழுத்தை மட்டும்தான் ஏற்கும். இதை ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மாற்றியிருப்பார்.

அலுவலகம் திரும்பியதும் முதலாளியிடம் சீறினேன். "தப்புன்ற வார்த்தையே கஸ்டமர் கண்ணுல படக் கூடாதுன்னு நான்தான்பா சொன்னேன்," என்றார். "மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்."

"அந்த மரியாதைய நம்பி ஒரு மனுஷன் மூச்சுத் திணறிக்கினு கெடக்கிறாரு சார்."

அவர் முகம் தொங்கிப்போனது. மேற்கொண்டு திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மிடில்வேரைப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு பிழைக்கும் அதன் எண், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நேரான வாக்கியம், லாகில் ஒரு பதிவு. இனிஷியல் கட்டம் தமிழையும் ஏற்கும்படி செய்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, மறுபடி பதியச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே பதிந்தார்.

"கெடச்சிடுச்சு தம்பி, வெள்ளிக்கெழம காலைல! இவரும் இப்ப கொஞ்சம் தெளிவா கீறாரு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை அதே நம்பரிலிருந்து போன் வந்தது.

"அவரு போய்ட்டாரு தம்பி. மத்தியானம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் விடவில்லை.

"நாளைக்கு அவரோட எடம் சும்மா கெடக்கும். போன்ல எங்க அமுக்கி ரத்து பண்றதுன்னு எனக்குத் தெரியல, நீயே ரத்து பண்ணிடு. யாராச்சும் காத்துக்கினு இருப்பாங்க. கெடச்சிடுச்சுன்னு அவங்களுக்கு இப்பவே சொல்லிடு தம்பி."