சோபா விலைக்குள் இருந்த கூலி

பள்ளியைப் பாதியில் விட்ட பிறகு நான் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. போனக்காடு மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, மூட்டை சுமந்து, பெயிண்ட் அடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு இன்டீரியர் டிசைனருக்கு மினி லாரி ஓட்ட வந்தேன். வீடுகளுக்கு வேண்டிய சாமான்களை மேடம் தேர்ந்தெடுப்பார். நான் கடையிலிருந்து கொண்டுபோய் இறக்குவேன்.

ஒருநாள் ஆரியசாலைக் கடையில் சோபா ஏற்றும்போது, முதலாளி கணக்குப்பிள்ளையிடம் மேடத்துக்கான விலையைச் சொன்னார். நாற்பதாயிரம். கரமனையில் சோபா போகவேண்டிய வீட்டுக்கார அக்காவிடம் மேடம் சொல்லியிருந்தது ஐம்பதாயிரம். திருட்டைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. சோபாவை இறக்கிய கையோடு அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி! பாக்கி சாமானை நாமளே எடுப்போம் தம்பி. நீயும் வா" என்றார் அக்கா. மேடத்தை போனில் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் அதே கடையில் கட்டிலுக்கு விலை கேட்டோம். மேடம் சொன்ன அதே விலை.

"அவளுக்கு மட்டும் குறைச்சுக் குடுக்கீங்க?" என்று அக்கா மல்லுக்கு நின்றார்.

திருநெல்வேலிக்கார முதலாளி சிரித்தார். "அவங்க மாசாமாசம் எடுக்காங்க. நீங்க ஆயுசுக்கு ஒரு கட்டில் எடுப்பீங்க. உங்களுக்கும் அதே விலைன்னா நான் கடையப் பூட்டணும். ஆமா, வரைஞ்சு தந்ததுக்கு உங்ககிட்ட தனியா ஃபீஸ் வாங்கினாங்களா?"

"இல்ல. ஃபீஸ் தனியா வேண்டாம், சாமான்லயே வந்துரும்னு சொன்னா."

"பின்னே? அதானே அவங்க கூலி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ திருட்டுன்னுல்லா சொன்னே?" உடனே மேடத்துக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு."

திக்கித் திணறிச் சொன்னேன். மேடம் கேட்டார்:

"சாமான் இறக்காம சும்மா நோக்கி நிக்கிற யூனியன்காரனுக்கே இந்த ஊர்ல நோக்குகூலி உண்டு அண்ணே. மாசக்கணக்கா அளந்து வரைஞ்சவளுக்கு ஒண்ணும் இல்லியா? எங்கிட்ட கேட்டிருந்தா பறஞ்சிருப்பேனே."

லோடு ஏற்றினால் கூலியை அங்கேயே கேட்டு வாங்குகிறவன் நான். ஒரு பைசா விட்டதில்லை. கடையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை அக்காவிடம் நீட்டிவிட்டு வெளியே போய் நின்றேன்.

அக்கா மேடத்தைத் திரும்பவும் வரச் சொன்னார். மேடம் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் வழக்கம்போல வேறு ஊருக்குப் போயிருப்பேன், அது எனக்குச் சுலபம். இப்போது புது வீட்டில் பேச்சு தொடங்கும்போதே மேடம் கடை விலை, தன் பங்கு இரண்டையும் சொல்லிவிடுகிறார். "சம்சயம் இருந்தா டிரைவர் அண்ணன்கிட்ட கேளுங்க. இதெல்லாம் அவருக்கு நல்லாத் தெரியும்."

வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்புவார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, அது மேடத்தோட கூலிதான்" என்பேன்.