தைஸ்தோ டிக் மிஷின் வாங்கிய குளிர்காலம்

என் தங்கை லெம்பிக்கு முதுகெலும்பில் புற்று இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னது அக்டோபரில். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்ததோ சௌனாச் சூடு ஒன்றுதான். விறகடுப்பு மூட்டி வியர்க்க உட்காருகிற மர அறை அது, எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. "உள்ள உக்காந்திருக்கறவரைக்கும் இடுப்பு என்னோடதா இருக்குக்கா. வெளிய வந்தா யாரோடதோ" என்பாள். அந்த மாதமே அவர்கள் வீட்டுச் சௌனா அடுப்பு ஒழுக ஆரம்பித்தது.

அவள் புருஷன் தைஸ்தோ கல்யாணத்துக்கு முன்பே எங்களுக்கு உறவு. அவன் அப்பாவின் முதல் மனைவி எங்கள் பெரியம்மாவுக்கு நாத்தனார். அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் இரும்புச் சுரங்கம்தான் வேலை. தைஸ்தோ அங்கே வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சுரங்க லாரித் தொட்டி பிளந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தடித்த இரும்புக்குப் பழகிய கை. சௌனா அடுப்பில் இருப்பதோ, நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற மெல்லிசு எவர்சில்வர் தொட்டி. அதில் கீறல் விட்டு, தண்ணீர் நெருப்பிலேயே சொட்டியது. தைஸ்தோ தன் பழைய வெல்டிங் ராடு மிஷினால் ஒட்டப் பார்த்தான். கீறல் இருந்த இடத்தில் கோழிமுட்டை போகிற ஓட்டை விழுந்தது.

"இதுக்கு, கேஸ் விட்டு மெல்லிசா ஒட்டற டிக் மிஷின்தான் சரி. ஒண்ணு வாங்கி கராஜுல வச்சுக்கறேன்" என்றான்.

"புது அடுப்பு வாங்கேன். அவளுக்கு நாள் இல்லடா" என்றேன்.

"வெல்டர் வீட்டுல கடை அடுப்பா? ஊர்ல வாயால சிரிக்க மாட்டாங்க."

பக்கத்து வீட்டு சூலோ, அவனோடு சுரங்கத்தில் இருந்தவன், வேலிப்பக்கம் வந்து கூப்பிட்டான். "யோவ் தைஸ்தோ, சனிக்கிழமை எங்க சௌனாவுக்கு ரெண்டு பேரும் வாங்கய்யா. எங்க இரும்படுப்பும் நீ ஒட்டினதுதானே, உன்னைக் கண்டா பயந்து நல்லா எரியும்."

தைஸ்தோ போகவில்லை. அடுத்தவன் சௌனாவுக்குப் போனால் தன் வீட்டு அடுப்பு கெட்டுக் கிடக்கிறது என்று ஆகிவிடும். அவன் போகாததால் லெம்பியும் போகவில்லை. எங்களில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்துதான் போவது. தனியாகப் போனால் வீட்டில் சண்டை என்று அர்த்தம்.

அப்புறம் தைஸ்தோ மிஷின் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தான். சமையலறை மேசையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் காப்பி, லெம்பி சுட முடியாமல் நான் கொண்டுபோகிற ஏலக்காய் ரொட்டி. முதலில் சுவர்ப் பிளக்கில் சொருகுகிற சின்ன மிஷின் போதும் என்றான். எவர்சில்வருக்கு அது தாராளம். ஒரு வாரம் கழித்து, யாராவது அலுமினியப் படகைக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று யோசனை வந்துவிட்டது. அலுமினியத்துக்குக் கரண்ட் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடுகிற மிஷின் வேண்டுமாம்.

"லெம்பி படகு இல்லடா" என்றேன்.

"வாங்கறதை ஒரே தடவையா வாங்கணும்" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான். அந்த முட்டை ஓட்டை விழுந்ததிலிருந்தே அவன் அடுப்பு இருக்கிற பக்கம் போகவில்லை என்று லெம்பி என்னிடம் சொல்லியிருந்தாள்.

பெரிய மிஷினுக்கு கராஜில் பெரிய கரண்ட் இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் மான் வேட்டை முடிந்துதான் வந்தான். நவம்பரில் எங்கள் பக்கம் எவனும் கருவி தொட மாட்டான், துப்பாக்கியைத் தவிர. பிறகு, கரண்டைக் கூட்டிக் குறைக்கக் காலால் மிதிக்கிற பெடலா, கையில் அமுக்குகிற பொத்தானா என்று ஒரு மாதம். லெம்பி சோபாவில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள்.

"நான் முந்திக்கிட்டா, என் சவப்பெட்டி மூடியை அதுலயே ஒட்டிடு. மரப்பெட்டி வாங்கிடாத" என்றாள் ஒருநாள். தைஸ்தோ சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரியில் மிஷின் வந்தது. ஒரு கை வெல்டிங் டார்ச்சைப் பிடிக்க, மறு கை கம்பியை ஊட்ட, கால் பெடலை மிதிக்க, மூன்றும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். துண்டுத் தகடுகளில் வாரக்கணக்காகப் பழகினான். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டான். "வா, இன்னிக்குச் சூடு."

ஓட்டையை ஒட்டின வெல்டிங் தையல் மீன் செதில் மாதிரி அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். லெம்பியைத் துண்டு சுற்றி உடைமாற்றுகிற அறைப் பலகையில் உட்கார வைத்து, நான் தாங்கிக்கொண்டேன். தோளில் எலும்புதான் கைக்கு அகப்பட்டது. உள்ளே விறகு பற்றிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நெருப்பில் தண்ணீர் விழுகிற சீறல். பிறகு புகை.

தைஸ்தோ தொட்டி வாயில் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தான். தையலின் பின்பக்கம் கருகின சர்க்கரைப் பாகு போலப் பொரிந்து, சூட்டில் விரிசல் விட்டிருந்தது. எவர்சில்வரை ஒட்டும்போது பின்பக்கம் காற்று படாமலிருக்கத் தொட்டிக்குள்ளும் கேஸ் நிரப்ப வேண்டும். காலமெல்லாம் ராடு பிடித்தவனுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது. மிஷினைப் பற்றி அவ்வளவு படித்தவன், அதைப் படிக்கவில்லை.

புகையைப் பார்த்து சூலோ ஓடிவந்தான். "எங்களுது இப்பச் சூடாத்தான் இருக்கு. சறுக்கு வண்டில உக்கார வச்சு இழுத்துட்டுப் போயிடலாம். நீயும் வாயேன்யா, கெஞ்சறேன்."

லெம்பி புருஷனைப் பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா ரெடி பண்ணிடறேன்" என்றான் அவன்.

"சரி. அடுத்த சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டு, காலுறையை மாட்டச் சொல்லி என்னிடம் காலை நீட்டினாள். பாதம் சில்லிட்டிருந்தது.

வியாழக்கிழமை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் காப்பி கொடுத்தார்கள். தைஸ்தோ கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசை மேசையாகப் போனான். துக்கம் விசாரிக்க எழுந்தவர்களிடமெல்லாம், "உள்ள கேஸ் விடணும். வெளிய மட்டும் விட்டாப் பத்தாது. அதான் கோளாறு" என்றான். பாதிரியாரிடமும் அதையே சொன்னான். அவர் தலையாட்டினார். சூலோ அவன் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். தைஸ்தோ என்னிடமும் அதையே சொல்லத் தொடங்கினான். நான் என் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.