முடிந்த போத்தலின் பிப்பெத்

அன்று நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் லா சப்பல் வீட்டில் நான், காய்ச்சலோடு என் மூன்று வயது மகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மச்சாள் ஆகிய மூவரும்தான் இருந்தோம். இங்கு வாங்கிய காய்ச்சல் பாணி மருந்து முடிந்திருந்தது. மச்சாள் ஊர்ப் பாணி தந்தாள். முடிந்த போத்தலோடு வந்த, கிலோ அடையாளம் போட்ட பிப்பெத் என்ற மருந்து உறிஞ்சும் குழாயால் பிள்ளையின் நிறைக்கு அளந்து இரண்டு நாள் கொடுத்தேன். பிள்ளை வாந்தி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்ன மருந்து குடுத்தனீங்கள்?" என்று தமிழ்த் தாதி கேட்டார். ஏச்சு விழுமென்று போத்தலைப் பைக்குள் தள்ளினேன்.

"ஏச மாட்டன் அக்கா. போத்தலைக் காட்டுங்கோ."

காட்டினேன். "இங்கத்தைய பாணியைவிட இது ரெண்டு மடங்கு கடுமை. அந்தப் பிப்பெத் இதுக்கில்லை" என்றார்.

மருந்து கூடி ஈரல் பழுதாகியிருக்குமோ என்று, இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தாதியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, பழுதில்லை.

இப்போது போத்தல் முடிந்தால் பிப்பெத்தையும் கூடவே எறிகிறேன்.

"நல்ல சாமானை ஏனடி எறியிறாய்?" என்கிறாள் மச்சாள். சொல்லட்டும்.